அந்த எண்ணை மாற்றிப் பார்த்தவளுக்கு

வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் பரிசோதனை நிலையத்திலிருந்து குறுஞ்செய்தி. உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு தயார், கீழே உள்ள இணைப்பைத் தொட்டுப் பார்க்கவும் என்று இருந்தது. இந்த வாரம் முழுக்க அதற்காகத்தான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன். ஆனால் பார், என் கண் முதலில் போனது முடிவுக்கு இல்லை. இணைப்பின் வாலில் ஏதாவது எண் தொங்குகிறதா என்றுதான் தேடினேன். தொங்கினால் அதை ஒன்று கூட்டிப் போட்டுப் பார்க்கக் கை தயாராக இருந்தது. நீ பழக்கிவிட்ட பழக்கம் இது. நீ போன பிறகும் போகவில்லை.

எண் எதுவும் இல்லை. தலையும் காலும் புரியாத எழுத்துகள் வரிசையாக இருந்தன. தொட்டதும் பிறந்த தேதி கேட்டது, அதைக் கொடுத்ததும் போனுக்கு வந்த இன்னொரு எண்ணையும் கேட்டது. "பரவால்ல ரெஜி, ஒயுங்காதான் கட்டிக்கீறாங்க" என்று நீ பக்கத்தில் நின்று சொன்னது போலவே எனக்குள் கேட்டது. முடிவைத் திறக்க மனசு வரவில்லை. அந்தக் கடைசி எண்ணைப் போடாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ரயில் வந்து, நின்று, போயும் விட்டது. உன்னிடம் பேச வேண்டும் போல இருந்தது. பேச முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நாம் வேலை பார்த்த மாடி இந்த நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். கீழே புடவை மொத்த வியாபாரம், மேலே நம் கம்பெனி. கம்பெனி என்று சொன்னால் சிரிப்பாய். மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, முதலாளி, நீ, நான். அவ்வளவுதான். படிக்கட்டு முழுக்கப் புதுத்துணி வாசனை அடிக்கும். நீ விம்கோ நகரிலிருந்து வருவாய், நான் ராயபுரத்திலிருந்து வருவேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்துவிட்டு, ஒரே நாளில் அங்கே சேர்ந்தோம். உனக்கும் எனக்கும் வயதில் சில மாதம்தான் வித்தியாசம். இணையதளம் கட்டித் தருகிறோம் என்று வெளியே போர்டு இருந்தது. எப்படிக் கட்டுவது என்று நமக்கும் சரியாகத் தெரியாது, முதலாளிக்குச் சுத்தமாகத் தெரியாது.

இணையப் பக்கம் எழுதும் மொழியான பிஎச்பியைக் கற்றுக்கொள்ள நம்மிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம். யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று தினமும் சண்டை வரும். ஒருநாள் நீ அதை மேஜைமேல் வைத்து, முதுகில் கத்தியைப் போட்டு இரண்டாகப் பிளந்துவிட்டாய். நான் பதறிப் போனேன். முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. முடித்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றாய். புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊரில் இப்படி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் யோசித்தால் அதைவிட நியாயமான தீர்ப்பு இருந்திருக்க முடியாது.

என் பாதியில் இருந்ததெல்லாம் பாலபாடம். இணையப் பக்கங்களுக்கு ஞாபகமே கிடையாது என்பதுதான் அதில் முதலில் புரிந்தது. முதல் பக்கத்தில் பெயரைச் சொல்லிவிட்டு இரண்டாவது பக்கத்துக்குப் போனால், அது நீங்கள் யார் என்று கேட்கும். அதனால் ஒரு பக்கத்தில் கிடைத்த தகவலை அடுத்த பக்கத்துக்கு நாம்தான் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். ரொம்பச் சுலபமான வழி, முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதற்குப் பின்னால் தகவலைக் கட்டி அனுப்புவது. முதல் தடவை அது வேலை செய்தபோது நாம் இரண்டு பேரும் கைதட்டினோம். கீழே புடவைக் கடைக்காரர் என்ன சத்தம் என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் அந்த லேப் வேலை வந்தது. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் கிளை வைத்திருந்த பரிசோதனை நிலையம். அதை நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் முடிவுக்காகத் திரும்ப வந்து வரிசையில் நிற்க வேண்டாம், பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய ஆசை. நம் பகுதியில் அப்போது யாரும் செய்யாத காரியம். நாம் இருவரும் சேர்ந்து பக்கங்களை எழுதினோம். பில் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்தால் உள்ளே விடும். அடுத்த பக்கத்துக்கு அந்தப் பில் எண்ணை முகவரி வாலில் கட்டி அனுப்பும். அந்தப் பக்கம் அந்த எண்ணுக்கான முடிவை எடுத்துக் காட்டும். சரிபார்ப்பதற்காக லேபிலிருந்து நிஜமான முடிவுகளையே சி.டி.யில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. முதலாளி சட்டைத்துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து நீ சும்மா உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குக் கை சும்மா இருக்காது. முகவரியின் கடைசியில் இருந்த எண்ணை அழித்துவிட்டு வேறு ஒன்றை அடித்தாய். அடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய், ஏதோ பிழைச்செய்தி வரும் என்று நினைத்து. வந்தது வேறு ஒருவருடைய முடிவு. நான் எழுந்து உன் பக்கம் வருவதற்குள் திரையில் அந்த ஜன்னலை மூடிவிட்டாய். மூடியது மட்டும் இல்லை, திரையையே அணைத்துவிட்டாய். உன் முகத்தில் இருந்த விளையாட்டு அப்படியே வடிந்துபோனதை நான் பார்த்தேன்.

என்ன என்று கேட்டேன். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாய். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாய்.

"எங்க தெரு ஆளு ஒண்ணு ரெஜி. இது வெளிய தெரிஞ்சா அது அந்தத் தெருவுல குடியிருக்க முடியாது."

யார், என்ன வியாதி என்று நான் கேட்டேன். கேட்காமல் இருப்பேனா? ராயபுரத்தில் பிறந்தவள் நான். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "அது யாருதுன்னு பாரு. உன்னுதா? என்னுதா? அப்புறம் இன்னாத்துக்குக் கேக்குற?" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எடுபடவே இல்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னோம். இந்தப் பக்கத்தை இப்படியே திறந்துவிட்டால், ஊரில் ரத்தம் கொடுத்த அத்தனை பேருடைய முடிவையும் எவர் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்றோம். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் விழா தேதி தலைக்கு மேல் நின்றது. நம் ஜனங்களுக்கு மவுஸே பிடிக்கத் தெரியாது, யார் போய் முகவரியில் எண்ணை மாற்றப் போகிறார்கள் என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

"நம்ம ஜனந்தான் சார் மாத்தும். பக்கத்து வூட்ல இன்னா கொயம்புன்னு எட்டிப் பாக்குற ஜனம், ஒரு நம்பர மாத்திப் பாக்காதா?"

அவருக்கு அது உறைக்கவில்லை. வேலை முடிக்காமல் சாக்குச் சொல்கிறோம் என்று நினைத்தார். எங்கே, மாற்றிக் காட்டு பார்க்கலாம் என்றார். அந்த இடத்தில் நானாக இருந்தால் கம்ப்யூட்டரைப் போட்டு, எண்ணை மாற்றி, இதோ பாருங்கள் என்று காட்டியிருப்பேன். விஷயம் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். நீ காட்ட மாட்டேன் என்றாய். எந்த எண்ணை அடித்தாலும் அது யாராவது ஒருவருடையது, அதைத் திறந்து காட்ட நமக்கு உரிமை இல்லை என்றாய். சந்தேகத்தை நிரூபிக்கப் போய் அதே தப்பைச் செய்யச் சொல்கிறார் என்பது உனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அவருக்கோ, காட்டவும் மாட்டாள், திறக்கவும் விடமாட்டாள், இது என்ன பேஜாரு என்று ஆகிவிட்டது. இந்த வாரக் கடைசியில் டாக்டரம்மா வந்து பார்க்கும்போது பக்கம் ஓடவில்லை என்றால் நீ வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். உன் வீட்டில் மாதம் தவறாமல் வந்த ஒரே சம்பளம் உன்னுடையதுதான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாடியிலிருந்து இறங்கும்போது நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ என் கையைப் பிடித்து, நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வா என்றாய்.

மறுநாள் காலையில் ராயபுரம் கிளைக்குப் போய் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். ஊசி என்றால் எனக்கு உயிர் போய்விடும். மாதாவே மாதாவே என்று நான் முனகியதைப் பார்த்து, ரத்தம் எடுத்த அக்காவும் நீயும் சிரித்தீர்கள். முதலில் எனக்குப் பில் போடச் சொன்னாய், அடுத்து உனக்கு. ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக எண் விழ வேண்டும் என்பதில் குறியாக இருந்தாய். இடையில் புகுந்து பில் போட வந்த ஒரு பெரியவரிடம், "நைனா, செத்த நேரம் நில்லு, எங்களுது ஒண்ணா வரணும்" என்று கெஞ்சினாய். அவர் நம்மை அக்கா தங்கச்சி என்று நினைத்து, அதற்கென்ன என்று வழிவிட்டார். முடிவுகள் வழக்கம்போல சி.டி.யில் நம் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தன.

டாக்டரம்மா வந்த நாள் எனக்கு நேற்று போல இருக்கிறது. முதலாளி புதுச்சட்டையில், கையில் காராசேவு தட்டோடு நின்றார். நீ அவரை மீறி டாக்டரம்மாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாய். என் பில் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்து, ரெஜினாவாக உள்ளே போகச் சொன்னாய். என் முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. இப்போது மேலே இருக்கும் முகவரியில் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிப் போடுங்கள் என்றாய். போட்டார். உன் பெயர், உன் வயது, உன் ரத்தம், எல்லாம் திரையில் விரிந்தது.

டாக்டர் என்றால் டாக்டர்தான். அவர் கண் நேரே ஹீமோகுளோபின் வரிக்குப் போயிற்று. உனக்கு ஏன் இவ்வளவு கம்மியாக இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா இல்லையா என்று கேட்க ஆரம்பித்தார். நீ அவரைப் பேசி முடிக்க விட்டாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்.

"மேடம், இப்ப நீங்க டாக்டரா வர்ல. ரெஜியா உள்ள போயிக்கீறீங்க. எனக்கு ரத்தம் கம்மின்னு ரெஜிக்கு எதுக்குத் தெரியணும்?"

முதலாளி காராசேவுத் தட்டைக் கீழே வைத்தார். டாக்டரம்மா திரையையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கை மவுஸிலிருந்து விலகியது. இதை மூடும்மா என்றார், நீயே மூடு என்றார். சரி செய்து முடிக்கிறவரை திறப்பு விழா வேண்டாம், எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, ஆனால் இந்தப் பெண்தான் செய்ய வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது முருங்கைக்கீரை சாப்பிடு என்று உன்னிடம் சொல்லாமல் போகவில்லை.

உன்னுடையதைக் கொடுத்து மற்றவர்களுடையதைக் காப்பாற்றினாய். அன்று எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. பெரிய ஆளுடி நீ என்று முதுகில் ஒரு அடி போட்டதோடு சரி. இப்போது சொல்கிறேன். அந்த மாதிரி ஒரு யோசனை எனக்கு இந்தப் பிறவியில் வந்திருக்காது.

சரி செய்வது அவ்வளவு லேசாக இல்லை. முகவரி வாலில்தானே கண்ணுக்குத் தெரிகிறது, படிவத்துக்குள் மறைத்து அனுப்பிவிடலாம் என்று நான் கண்டுபிடித்தேன். என் பாதிப் புத்தகத்தில் அதற்கு வழி இருந்தது. மறைவான பெட்டி, திரையில் தெரியவே தெரியாது. பெருமையாக உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ மவுஸின் வலது பக்கம் சொடுக்கி, அந்தப் பக்கத்தை எழுதிய மூல வரிகளைத் திறந்து, நான் மறைத்து வைத்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டினாய். "ஒளிச்சிட்டதா நெனச்சிகினு கீற. கோணிய போத்திக்கினு பூன பாலு குடிக்குது" என்றாய். எனக்கு ரோஷம் வந்து அன்றைக்கு டீ குடிக்க உன்னோடு வரவில்லை.

வெள்ளிக்கிழமை நீயே சமாதானத்துக்கு வந்தாய். மாதாகோயில் பெண்ணான என்னைத் திருவொற்றியூர்க் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாய். வாசலில் செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு அம்மா இருப்பார், தகர டோக்கன் கொடுப்பார். செருப்பைக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கியவள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிட்டாய். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

"பாத்தியா ரெஜி, செருப்பு அவங்ககிட்டயே கீது. நம்ம கையில வெறும் தகரம். உள்ள எங்க சுத்துனாலும் தகரத்த மட்டும் வெச்சிருந்தா போதும். நாம இன்னா பண்ணோம்? செருப்பத் தூக்கித் தலையில வெச்சிக்கினு பிரகாரம் சுத்துறோம்."

டோக்கனை எவனாவது அடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அவங்களுக்கே அடுத்த எண் என்னவென்று தெரியாத மாதிரி டோக்கன் அடிக்க வேண்டும், வெளியே வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றாய். சாமியைக் கும்பிட்டாயோ இல்லையோ, வரும் வழியெல்லாம் இதையே பேசிக்கொண்டு வந்தாய்.

புத்தகத்தில் இதற்குப் பெயர் செஷன். அந்த அத்தியாயம் உன் பாதியில் இருந்தது. பாதிகளை மாற்றிக்கொண்டு படித்தோம். பில் எண்ணை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்வது, வந்தவருக்கு யாரும் யூகிக்க முடியாத நீளமான அடையாளம் ஒன்றை மட்டும் கொடுப்பது. ஒவ்வொரு பக்கமும் திறக்கும்போது, கேட்கப்படும் முடிவு இவருடையதுதானா என்று உள்ளே இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அந்தச் சோதனையைச் செய்யும் பகுதிக்கு நீ ஆங்கில எழுத்தில் 'யாருது' என்று பெயர் வைத்தாய். முதலாளி இது என்ன பெயர் என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் சார் என்றாய்.

அதுவும் உடனே ஓடிவிடவில்லை. செஷனைத் தொடங்கும் வரியைப் போட்டதும் திரை முழுக்கப் பிழைச்செய்தி. தலைப்பு ஏற்கெனவே போய்விட்டது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. எந்தத் தலைப்பு, எங்கே போனது என்று ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் கோப்பின் உச்சியில், எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரே ஒரு காலி வரி. டோக்கன் கொடுக்கும் முன்னால் வாயைத் திறந்து ஒரு எழுத்துகூடப் பேசக் கூடாதாம், காலி வரி பேசினாலும் குற்றமாம். அதை அழித்ததும் எல்லாம் ஒழுங்காக ஓடியது. நாம் மறுபடி கைதட்டினோம், கீழேயிருந்து மறுபடி ஆள் வந்தது.

விழா நடந்தது, தளம் திறந்தது, டாக்டரம்மா உனக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்தார். அத்தோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நீ அப்படி நினைக்கவில்லை. ஜனம் எப்படிப் பார்க்குதுன்னு பார்க்க வேண்டாமா என்று என்னை ராயபுரத்தில் மாதாகோயில் பக்கத்து பிரௌசிங் சென்டருக்கு இழுத்துப் போனாய். ஒரு மூலையில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? பஸ்ஸில் எழுந்திருக்கிறவர் சீட்டைத் தெரிந்தவருக்குக் கைமாற்றிவிட்டுத்தான் இறங்குவார். பிரௌசிங் சென்டரிலும் அப்படித்தான் நடந்தது. ஹார்பர் வேலைக்காரர் ஒருவர் தன் முடிவைப் பார்த்தார். பின்னால் காத்திருந்த ஒருவரைப் பார்த்து, "வா மாமு, ஒக்காரு, அப்டியே வுட்டுட்டுப் போறேன்" என்று எழுந்தார். மரியாதைக்குத்தான். ஜன்னலை மூடாமல் இருந்தால் அடுத்தவருக்குச் சுலபம் என்று அவர் நினைப்பு. அவருடைய முடிவு திரையில் அப்படியே கிடந்தது. வந்து உட்கார்ந்தவர் சாவகாசமாகப் படிக்க ஆரம்பித்தார்.

நீ பாய்ந்து போய், ஒரு நிமிஷம் அண்ணா என்று அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மூடினாய். திரும்பி வந்தபோது உன் முகம் வெளுத்திருந்தது. நாம் பூட்டு போட்டோம், வூட்டுக்காரரே கதவத் தொறந்து வெச்சிட்டுப் போறாரு, அவருக்கு அது நல்ல குணம் என்றாய். எந்தப் புத்தகத்தின் எந்தப் பாதியிலும் இது இல்லை.

மறுநாள் நீ இரண்டு காரியம் செய்தாய். சிறிது நேரம் யாரும் எதையும் தொடாமல் இருந்தால் டோக்கன் செல்லாமல் போய், பக்கம் திரும்பவும் எண் கேட்கும்படி வைத்தாய். இன்னொன்று, வெளியேறு என்று ஆங்கிலத்தில் ஓரமாக இருந்த சின்னச் சொல்லை எடுத்துவிட்டு, முடிவுக்கு நேர் கீழே பெரிய சிவப்புப் பொத்தான் வைத்தாய். அதில் 'பார்த்துவிட்டேன், மூடு' என்று தமிழில் எழுதினாய். அந்தக் காலத்தில் பாதி சென்டர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் அந்தச் சொற்களைப் படமாகவே வரைந்து ஒட்டினாய். மறுபடி போய்ப் பார்த்தோம். ஒரு மீன்காரம்மா மகனை வைத்துக்கொண்டு முடிவைப் பார்த்துவிட்டு, பொத்தானில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்துவிட்டு, சொன்னபடி அழுத்தினார். நீ என் தொடையில் கிள்ளிய வலி எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் காலம் ஓடியது. நான் தரமணிப் பக்கம் பெரிய கம்பெனிக்குப் போனேன். உன்னையும் கூப்பிட்டேன், நீ வரவில்லை. விம்கோ நகரிலேயே சின்னதாக ஒரு கடை போல வைத்து, சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் தளம் கட்டிக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். ஒரு தடவை அந்தத் தெரு ஆளைப் பற்றி உன் வாயைக் கிளறிப் பார்த்தேன். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் கில்யாணம் ஆயிடுச்சா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"பொண்ணுன்னு நான் சொன்னேனா?" என்றாய்.

நான் அசந்துபோனேன். யோசித்துப் பார்த்தால் நீ சொல்லவே இல்லை. தெரு ஆளு ஒண்ணு என்றாய், அது என்றாய். அத்தனை பதற்றத்திலும் அது ஆணா பெண்ணா என்பதைக்கூட உன் வாய் விட்டுக்கொடுக்கவில்லை. பெண் என்பதும், கல்யாணம் தள்ளிப்போகும் என்பதும், எல்லாம் நானே கட்டிக்கொண்ட கதை.

போன மழைக்காலத்தில் உன் தம்பி போன் செய்தான். நெஞ்சு வலி என்று எழுந்து உட்கார்ந்தாய், அவ்வளவுதான் என்றான். நான் வந்து சேர்ந்தபோது உன் தெருவில் கால் வைக்க இடமில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர்கள், சங்கத்து ஆட்கள், நீ தளம் கட்டிக் கொடுத்தவர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். நான் உன் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தபோது என் கண் ஒவ்வொரு முகமாகப் போனது. இவளா, அந்த ஓரத்தில் நிற்கும் பெரியவரா, தலையில் அடித்துக்கொள்ளும் அந்த அம்மாவா என்று தேடியது. உன் உடம்பு பக்கத்தில் கிடக்கும்போதும் எனக்கு அந்தக் கேள்வி போகவில்லை என்றால் பார்த்துக்கொள். அது யாருது என்று நீயே கேட்டது போல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஆள் அன்றைக்கு அங்கே இருந்திருக்கலாம். உனக்குத் தெரியும் என்பதே அந்த ஆளுக்குத் தெரியாமல், நல்ல பொண்ணு போயிடுச்சே என்று மற்றவர்களோடு சேர்ந்து நின்றிருக்கலாம். அந்தத் தெருவில் அந்த ஆள் இன்னும் நிம்மதியாகக் குடியிருக்கிறார் என்றால், அதற்கு நீ காரணம். அது வேறு யாருக்கும் தெரியாது.

இப்போது என் கீழே பத்துப் பதினைந்து பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். உனக்கும் எனக்கும் கனவிலும் வராத வசதியெல்லாம் அவர்களுக்கு இருக்கிறது, பாதியாகப் பிளந்த புத்தகம் தேவையில்லை. ஆனாலும் அவர்கள் எழுதியதை நான் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். இது யாருதுன்னு கேட்டியா? புதிதாக வந்தவர்கள் முழிப்பார்கள். பழையவர்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். யார் சொன்ன சொல் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் இன்னொரு ரயிலும் போய்விட்டது. பக்கத்தில் துணி மூட்டையோடு ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். போனில் முதலில் வந்த எண் காலாவதியாகியிருந்தது. உன் பாணியில் யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வேறு எண் வாங்கிப் போட்டேன். அந்த அம்மா என் போனை எட்டிப் பார்த்தார். நம் ஜனம்தானே. கோபம் வரவில்லை, போனைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன். முடிவு திறந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். என் முகத்தைப் பார்த்து அந்த அம்மா, "இன்னாம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டார். சும்மா சிரித்தேன்.

அதில் என்ன இருந்தது என்று உனக்கும் எழுதப் போவதில்லை. எழுதினால் நீதான் முதலில் திட்டுவாய். அது என்னுது.

பார்த்துவிட்டேன். மூடிவிட்டேன்.